ஆஸ்ட்ரோஸ் முகாமின் மன்னிப்பும் மற்ற முகாம்களின் கோபமும்: 2020 பயிற்சிக் காலம்

வெளிக்களத்தான் | பிப்ரவரி 24, 2020

வழக்கமாக இந்த மாதத்தில் பேஸ்பால் ரசிகர்களாகிய நாம் பேசுவது யாருடைய தோள் தேறியிருக்கிறது, எந்த இளம் வீரர் முதன்மை அணிக்குள் நுழைவார் என்பவற்றைத்தான். இந்த ஆண்டும் செய்திகளுக்குக் குறைவில்லை. மூக்கி பெட்ஸும் டேவிட் பிரைஸும் பாஸ்டனை விட்டு டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார்கள். கெரிட் கோல் ஒன்பது ஆண்டுகளுக்கு 32.4 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு யாங்கீஸ் முகாமில் வீசிக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தின் நடுவில் மாற்றுப் பிட்சராக (பந்து வீசுபவராக) உள்ளே வரும் ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது வீச வேண்டும் என்ற புது விதியும் வருகிறது. ஆனால் பயிற்சி முகாம்கள் நடக்கும் ஃபுளோரிடாவானாலும் அரிசோனாவானாலும், எந்த முகாமில் மைக்கை நீட்டினாலும் பேச்சு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸில்தான் போய் முடிகிறது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்து எந்த வகைப் பந்தை வீச வேண்டும் என்று கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) பிட்சருக்கு விரல்களால் காட்டும் சைகையை இரண்டாம் பேஸில் நிற்கும் ரன்னர் கண்ணால் பார்த்துத் தன் பேட்டருக்குக் குறிப்புக் காட்டுவது ஆட்டத்தின் ஒரு பகுதி; அதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. 2017-இல் ஆஸ்ட்ரோஸ் செய்தது வேறு. நடு வெளிக்களத்துக் கேமராவின் படத்தை, வீரர்கள் உட்காரும் டக்-அவுட்டின் பின்னால் உள்ள சுரங்கப் பாதையில் ஒரு திரைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே சைகையைப் படித்து, அடுத்து வருவது வேகம் குறைந்த பந்து என்றால் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில் தட்டினார்கள். தட்டல் கேட்காவிட்டால் ஃபாஸ்ட்பால் என்று பொருள். அன்று அதே அணியில் இருந்த பிட்சர் மைக் ஃபையர்ஸ் தன் பெயரைச் சொல்லியே இதைக் கடந்த நவம்பரில் ‘தி அத்லெடிக்’ இதழுக்கு வெளிப்படுத்தினார். ஜனவரி 13 அன்று லீகின் தலைமை அதிகாரியான கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் அறிக்கை வெளியிட்டார். வீரர்களைத் தேர்ந்து அணியைக் கட்டும் ஜெனரல் மேனேஜர் ஜெஃப் லூனோவுக்கும், களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச்சுக்கும் ஓராண்டுத் தடை, அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம், இரண்டு ஆண்டுகளுக்குப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுகளும் பறிப்பு. அன்றே உரிமையாளர் ஜிம் கிரேன் இருவரையும் வேலையை விட்டு நீக்கினார். வீரர்களில் ஒருவருக்கும் தண்டனை இல்லை; உண்மையைச் சொன்னால் நடவடிக்கை இல்லை என்ற உறுதிமொழி அவர்களுக்கு முன்பே தரப்பட்டிருந்தது.

இப்போது என் கருத்து. பிப்ரவரி 13 அன்று வெஸ்ட் பாம் பீச் முகாமில் நடந்த செய்தியாளர் சந்திப்பை முழுவதுமாகப் பார்த்தேன். வீரர்களான அலெக்ஸ் பிரெக்மனும் ஹோசே அல்டுவேவும் ஆளுக்குச் சில வரிகள் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கிரேன், நடந்தது ஆட்டத்தைப் பாதிக்கவில்லை என்பது தங்கள் கருத்து என்றார்; ஒரு நிமிடம் கூட ஆகியிராது, அப்படித் தான் சொல்லவில்லை என்றார். பிறகு உடைமாற்றும் அறையில் வீரர்கள் தனித்தனியாகப் பேசியது இதைவிட எவ்வளவோ மேலாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கார்லோஸ் கொரேயா, அதனால் தங்களுக்குச் சாதகம் இருந்தது என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 2017 ஆகஸ்ட் இறுதியில்தான் அணிக்கு வந்த ஜஸ்டின் வெர்லாண்டர், தான் அன்று இன்னும் பேசியிருக்க வேண்டும் என்றார்.

2017-இல் அவர்கள் வென்ற வேர்ல்ட் சீரிஸ் (லீகின் இறுதித் தொடர்) பட்டத்தைப் பறிக்க வேண்டுமா என்பது எனக்கு இரண்டாம் கேள்விதான். தண்டனை விலக்கு என்பது சும்மா கிடைக்கும் பரிசு அன்று. உண்மைக்கு ஈடாகத் தரப்படுவது. அந்த உண்மையை விசாரணை அதிகாரியின் அறையில் சொல்லிவிட்டு, அதனால் கெட்டுப்போன எதிரணிப் பிட்சர்களிடமும் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்த நம்மிடமும் பொத்தாம்பொதுவாக வருத்தம் தெரிவித்தால் கணக்கு தீர்ந்ததாகாது. யார் தட்டினார், யார் வேண்டாம் என்றார், எந்த ஆட்டத்தோடு நிறுத்தினார்கள் என்பதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லட்டும். இனித் தண்டிக்கப்படப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொள்வதற்கு என்ன காரணம்?

ஹூஸ்டன்வாசி | பிப்ரவரி 24, 2020

நான் இந்த ஊரில் பல ஆண்டுகளாக இருப்பவன். தோற்றுக்கொண்டே இருந்த காலத்திலும் இந்த அணியைப் பார்த்தவன். நடந்தது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மற்ற முகாம்களிலிருந்து வரும் பேச்சு, தவறைக் கண்டிப்பதிலிருந்து விலகி, கூட்டமாகச் சேர்ந்து ஒருவனை அடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்றே எண்ணுகிறேன்.

டாட்ஜர்ஸின் கோடி பெலிஞ்சர், ஆஸ்ட்ரோஸ் மூன்று ஆண்டுகள் ஏமாற்றினார்கள் என்றும், 2017-இன் சிறந்த வீரர் விருதை யாங்கீஸின் ஏரன் ஜட்ஜிடமிருந்து அல்டுவே திருடினார் என்றும் சொன்னார். கமிஷனரின் அறிக்கையில் 2017-ஆம் ஆண்டும் 2018-இன் ஒரு பகுதியும்தான் குறிப்பிடப்பட்டுள்ளன; 2019-இல் மீறல் நடந்ததற்குச் சான்று இல்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. அல்டுவே பேட் செய்தபோது தட்டுவதை அவரே விரும்பவில்லை என்று கொரேயா சொல்லியிருக்கிறார். ஆட்டங்களின் பதிவை உட்கார்ந்து கேட்டுத் தட்டல்களை எண்ணிய எங்கள் அணியின் ரசிகர் ஒருவரின் பட்டியலும் அதையே காட்டுகிறது. முக்கிய பேட்டர்களில் அல்டுவேக்குக் கேட்டவை மிகச் சில. 2019-இல் அவர் சட்டைக்குள் ஏதோ அதிர்வுக் கருவி வைத்திருந்தார் என்ற பேச்சு இணையத்தில் பிறந்து இணையத்திலேயே வளர்ந்தது. அதற்கு என்ன ஆதாரம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2017 வேர்ல்ட் சீரிஸின் ஏழாம் ஆட்டம் நடந்தது எதிரணியான டாட்ஜர்ஸின் ஊரான லாஸ் ஏஞ்சலஸில். அங்கே எங்கள் குப்பைத் தொட்டி இல்லை. அவர்களுடைய பிட்சர் யூ டார்விஷை இரண்டு இன்னிங்ஸ் முடிவதற்குள் வெளியேற்றியது அந்த மைதானத்தில்தான்.

ஸ்கோர்புக் | பிப்ரவரி 24, 2020

ஹூஸ்டன்வாசி அவர்களே, ஏழாம் ஆட்டத்தைச் சொன்னீர்கள். அந்த ஆட்டம் வரை வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டாமா? 2017 பிளே-ஆஃப் ஆட்டங்களில் ஆஸ்ட்ரோஸ் சொந்த மைதானத்தில் எட்டு வெற்றி, ஒரே ஒரு தோல்வி. வெளியூரில் மூன்று வெற்றி, ஆறு தோல்வி. யாங்கீஸுடனான தொடரில் வீட்டில் நான்கையும் வென்று, நியூயார்க்கில் மூன்றையும் தோற்றார்கள். வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாம் ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷா நான்கு ரன் முன்னிலையோடு வீசிக்கொண்டிருந்த ஆட்டம் கடைசியில் 13-12 என்று ஹூஸ்டன் பக்கம் முடிந்தது. சொந்த மைதானச் சாதகம் என்பது எல்லா அணிக்கும் உண்டு, இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஏழாம் ஆட்டம் வெளியூரில் நடந்தது’ என்பதும் அதே அளவுக்குச் சிறிய சான்றுதான்.

எனக்கு வெற்றி தோல்விக் கணக்கைவிட ஒரு பிட்சரின் கணக்குதான் உறுத்துகிறது. 2017 ஆகஸ்ட் 4 அன்று டொராண்டோ அணிக்காக மைக் போல்சிங்கர் ஹூஸ்டனில் ரிலீவராக இறங்கினார். எட்டு பேட்டர்களில் ஒருவரைத்தான் வெளியேற்றினார், நான்கு ரன்கள். அவர் வீசிய 29 பந்துகளில் 12-க்குத் தட்டல் கேட்டிருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட அதே பட்டியலின்படி, எண்ணப்பட்ட எல்லா ஆட்டங்களிலும் அதிகத் தட்டல் கேட்ட நாள் அதுதான். அதற்குப் பிறகு மேஜர் லீகில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. இந்த மாதம் அவர் ஆஸ்ட்ரோஸ் மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்; அந்த வெற்றிக்காக வீரர்களுக்குக் கிடைத்த ஏறத்தாழ 3.1 கோடி டாலர் ஊக்கத்தொகையை அறப்பணிகளுக்குத் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று.

போல்சிங்கர் நட்சத்திரம் அல்லர். இன்னொரு நல்ல வாரம் கிடைத்திருந்தால் நிலைத்திருப்பாரா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அணியின் விளிம்பில் இருக்கும் பிட்சரின் பிழைப்பே அந்த ஒரு வாரத்தை நம்பித்தான் இருக்கிறது. டார்விஷுக்கும் கெர்ஷாவுக்கும் அடுத்த ஒப்பந்தம் எப்படியும் வந்துவிடும்.

இடதுகை ரிலீவர் | பிப்ரவரி 25, 2020

கல்லூரி நாள்களில் சிறிது காலம் பந்து வீசியவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது ஃபையர்ஸ். முன்னாள் நட்சத்திர வீரர் டேவிட் ஓர்டிஸ் போன்ற பெரிய மனிதரே அவரைக் காட்டிக்கொடுப்பவர் என்ற பொருளில் பேசியிருக்கிறார். உடைமாற்றும் அறையின் பேச்சு வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு எனக்கும் தெரியும். ஆனால் அதைக் காரணம் காட்டுகிறவர்கள், அணிகள் ஏற்கெனவே லீக் அலுவலகத்தில் புகார் சொல்லிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பெயரில்லாமல் சொன்னதற்கு மதிப்பில்லை. பெயரோடு சொன்ன பிறகுதான் விசாரணையே தொடங்கியது. ஃபையர்ஸும் 2017-இன் வெற்றி மோதிரம் பெற்றவர், அப்போதே பேசியிருக்கலாம் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அது தாமதத்தைப் பற்றிய குறை. சொன்ன செய்தியைப் பொய்யாக்காது.

இரண்டாவது பழிவாங்கல். ஆஸ்ட்ரோஸ் வீரர் ஒவ்வொருவருக்கும் அடி விழ வேண்டும் என்று அட்லாண்டாவின் நிக் மார்காகிஸ் சொன்னபோது இங்கே பலர் கைதட்டியதைப் பார்த்தேன். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து விலாவில் பட்டால் எலும்பு முறியும். கை தவறி ஓர் அடி மேலே போனால் அது தலை. அந்தப் பந்து படப்போவதும் 2017-இல் தட்டியவர்மீதே என்பதற்கு உறுதியில்லை. இன்றைய அணியில் அன்று இல்லாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வேண்டுமென்றே அடிக்கக் கூடாது என்று கமிஷனர் மேனேஜர்களை எச்சரித்தது சரியே. ஆனால் குற்றத்துக்குத் தண்டனை இல்லாமல் விட்டுவிட்டுப் பழிவாங்குவதற்கு மட்டும் தண்டனை உண்டு என்று அறிவித்தால், பிட்சர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் அவர் எண்ணியிருக்க வேண்டும்.

கிரிக்கெட்டிலிருந்து வந்தவன் | பிப்ரவரி 25, 2020

எனக்கு இந்த ஆட்டம் பழக்கமாகி நான்கைந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. அதனால் ஓர் அடிப்படைக் கேள்வி. 2018-இல் கேப் டவுனில் ஆஸ்திரேலியர்கள் பந்தை உப்புத்தாளால் தேய்த்து மாட்டிக்கொண்டபோது, ஐ.சி.சி. ஸ்மித்துக்குக் கொடுத்தது ஒரே ஒரு டெஸ்ட் தடை. அவருக்கும் வார்னருக்கும் ஓராண்டு, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம் என்று வெளியே நிறுத்தியது அவர்களுடைய சொந்த வாரியம். ஒரே ஒரு டெஸ்டில், அதுவும் பாதியில் பிடிபட்ட குற்றத்துக்கே அவ்வளவு என்றால், ஒரு சீசன் முழுவதும் நடந்ததற்கு ஒரு வீரரின் ஒரு நாள் சம்பளம்கூடப் பிடிக்கப்படவில்லை என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

வெளிக்களத்தான் | பிப்ரவரி 25, 2020

நல்ல கேள்வி. மேன்ஃப்ரெட் மீது எனக்குள்ள கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் பக்கத்து நியாயத்தையே முதலில் சொல்கிறேன்.

2017 செப்டம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆப்பிள் வாட்ச் வைத்துச் சைகை கடத்தியது பிடிபட்டது. உடனே மேன்ஃப்ரெட் எல்லா அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இனி இப்படி நடந்தால் ஜெனரல் மேனேஜரையும் மேனேஜரையும்தான் பொறுப்பாக்குவேன் என்பது அதன் சாரம். லூனோ அதை வீரர்களுக்கு அனுப்பவே இல்லை. இந்த நிலையில் ஒரு வீரரைத் தடை செய்தால், வீரர் சங்கம் அதைத் தகராறுகளைத் தீர்க்கும் சமரச நடுவரிடம் கொண்டுபோகும். விதி எனக்குச் சொல்லப்படவே இல்லை என்று அந்த வீரர் வாதிட்டால் தடை நிற்பது கடினம். வாரியமே முதலாளியாக இருக்கும் கிரிக்கெட்டுக்கும், கூட்டு ஒப்பந்தமும் வலுவான சங்கமும் உள்ள இந்த லீகுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். போதாக்குறைக்கு, அன்றைய வீரர்களில் பலர் இன்று வேறு அணிகளில் இருக்கிறார்கள். அவர்களைத் தடை செய்தால் 2017-க்குத் தொடர்பே இல்லாத அணிகள் இழப்பைச் சுமக்கும். 68 பேரிடம் நடந்த விசாரணைக்கு அந்த உறுதிமொழி இல்லையென்றால் இவ்வளவு வெளிவந்திருக்காது என்ற வாதத்தையும் என்னால் முழுவதுமாகத் தள்ள முடியவில்லை.

ஆனால் அந்த விலையைக் கொடுத்து வாங்கிய உண்மையை அவர் என்ன செய்தார்? ஒன்பது பக்க அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே வீரர் கார்லோஸ் பெல்ட்ரான். ஓய்வு பெற்றுவிட்ட அவர், அந்த ஒரு பெயரால் மெட்ஸ் மேனேஜர் பதவியை ஓர் ஆட்டம்கூட நடத்தாமல் இழந்தார். மற்றவர்கள் எல்லாம் ‘வீரர்கள்’ என்ற பன்மைக்குள் மறைந்துகொண்டார்கள். அறிக்கையில் ஓரிடத்தில், ஹின்ச்சுக்கு இது பிடிக்காமல் அந்தத் திரையை இரண்டு முறை சேதப்படுத்தினார் என்று இருக்கிறது. மேனேஜர் தன் சொந்த அணியின் திரையை உடைக்கிறார். அதற்குப் பதிலாக இன்னொரு திரை வருகிறது. அதற்குப் பிறகும் அவர் தன் வீரர்களைக் கூப்பிட்டு நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. இந்த ஒரு காட்சி பத்து செய்தியாளர் சந்திப்புகளைவிட அந்த அணியைப் பற்றி அதிகம் சொல்கிறது. இரண்டாவது திரையை மாட்டியவர் யார் என்பதை அறிக்கை சொல்லவில்லை. மாட்டியவருக்கும் பார்த்தவர்களுக்கும் தெரியும்.

கோப்பையை ‘ஓர் உலோகத் துண்டு’ என்று மேன்ஃப்ரெட் சொன்னதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இரண்டு நாளில் அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டார். அதன் மதிப்பைக் குறைப்பது அதில் பொறித்திருக்கும் ‘கமிஷனர்’ என்ற சொல்தான் என்று டாட்ஜர்ஸின் ஜஸ்டின் டர்னர் கொடுத்த பதிலடியே போதும். ஆனால் ஏஞ்சல்ஸ் அணியின் மைக் டிரௌட் பேசியதை நான் அப்படிக் கடந்துபோக மாட்டேன். எந்தச் சர்ச்சையிலும் தலையிடாதவர், யாரைப் பற்றியும் கடுஞ்சொல் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர், வீரர்களுக்குத் தண்டனையே இல்லாததைத் தான் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார் என்றால், சங்கத்துக்குள்ளேயே உறுப்பினர்கள் உறுப்பினர்களுக்கு எதிராகப் பிரிந்து நிற்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாம் பேஸ் | பிப்ரவரி 26, 2020

எல்லோரும் வீரர்களையும் கமிஷனரையும் பற்றியே பேசுகிறீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஏன் இவ்வளவு எளிதாக விட்டுவிடுகிறோம்?

கடந்த அக்டோபரில் ஆஸ்ட்ரோஸ் வேர்ல்ட் சீரிஸுக்குத் தகுதி பெற்ற இரவில், துணை ஜெனரல் மேனேஜர் பிராண்டன் டாப்மன், பெண் செய்தியாளர்கள் நின்ற பக்கம் திரும்பி, ரொபெர்டோ ஒசுனாவை வாங்கியது எவ்வளவு நல்லது என்று வசைச் சொல்லோடு கத்தினார். குடும்ப வன்முறைக் கொள்கையின் கீழ் 75 ஆட்டங்கள் தடை பெற்றவர் ஒசுனா. அந்தத் தடைக்காலம் முடிவதற்குள்ளேயே 2018-இல் அவரை இந்த அணி வாங்கியது. நடந்ததை எழுதிய பெண் செய்தியாளர் கதை கட்டுகிறார் என்று அணி முதலில் அறிக்கை விட்டது. அங்கே இருந்த மற்றவர்கள் சாட்சி சொன்ன பிறகு டாப்மனை நீக்கி, அறிக்கையைத் திரும்பப் பெற்றது. மறுப்பு, பிறகு மழுப்பல், வேறு வழியில்லாதபோது வருத்தம் என்ற அதே வரிசையை இந்த மாதமும் பார்க்கிறோம்.

சைகைத் திருட்டும் வீரர்களின் மூளையில் மட்டும் பிறந்ததன்று. எதிரணியின் சைகைகளை உடைக்க எக்செல் கோப்பு ஒன்றை அலுவலகத்தில் தயாரித்து, அதற்குக் ‘கோட்பிரேக்கர்’ என்று பெயரும் வைத்து, 2016-இலேயே லூனோவுக்குக் காட்டியதாக இந்த மாதம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியிருக்கிறது. தனக்கு விவரம் தெரியாது என்கிறார் லூனோ. அணியை நிர்வகிக்கும் அலுவலகப் பிரிவின் பண்பாடே சீர்கெட்டது என்று கமிஷனரின் அறிக்கை சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவை வைத்திருந்த உரிமையாளர்மீது குற்றமில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. கிரேனுக்கு 50 லட்சம் டாலர் ஒரு பொருட்டா?

ஹூஸ்டன்வாசி | பிப்ரவரி 26, 2020

‘மூன்றாம் பேஸ்’ சகோதரி சொன்னதில் நான் மறுப்பதற்கு எதுவும் இல்லை. டாப்மன் விவகாரத்தின்போதே என் வீட்டில் இந்த அணியின் தொப்பியைப் போடுவது பற்றிப் பேச்சு வந்துவிட்டது.

சனிக்கிழமை நாங்கள் ஆடிய முதல் பயிற்சி ஆட்டத்தையும் பாருங்கள். எதிரணி வாஷிங்டன் நேஷனல்ஸ். நான்கு மாதம் முன்பு எங்களை வேர்ல்ட் சீரிஸில் வென்றவர்கள், முகாமிலும் மைதானத்திலும் எங்களுடைய பங்காளிகள். இரண்டு இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டது. அதற்குள் கேலி அட்டை பிடித்தவர்களிடமிருந்து மைதான ஊழியர்கள் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏமாற்றியதற்காகப் பிடிபட்ட அணி, அதைச் சொல்லும் அட்டையைப் பிடுங்குகிறது. இதை யார் யோசித்துச் செய்தார்களோ தெரியவில்லை. தொலைக்காட்சியில் எல்லா இடத்திலும் வந்தது அந்தக் காட்சிதான்.

70 வயதில் ஹின்ச்சுக்குப் பதிலாக எங்கள் மேனேஜர் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும் டஸ்டி பேக்கரை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. தான் செய்யாத தவறுக்காக ஒவ்வொரு ஊரிலும் அவர்தான் முதலில் கேள்விகளை எதிர்கொள்ளப் போகிறார். வெளிக்களத்தான் கேட்கும் முழு விவரத்தை என் அணி வீரர்கள் சொல்ல வேண்டும் என்பதை இப்போது ஏற்கிறேன், பேக்கருக்காகவாவது சொல்லட்டும்.

ஸ்கோர்புக் | பிப்ரவரி 26, 2020

இடையில் ஒரு முகாம் செய்தி: யாங்கீஸின் பிட்சர் லூயிஸ் செவெரினோவுக்கு முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை, இந்த சீசன் முழுவதும் ஆட மாட்டார். ஜேம்ஸ் பேக்ஸ்டனும் முதுகு அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கிறார். கெரிட் கோலை வாங்கியதால் கிடைத்த பிட்சிங் வலிமையில் பாதி, சீசன் தொடங்கும் முன்பே போய்விட்டது.

வெளிக்களத்தான் | பிப்ரவரி 26, 2020

ஹூஸ்டன்வாசி அவர்களுக்கு நன்றி. உங்கள் அணியின் ரசிகர்கள் இதைக் கேட்கத் தொடங்கினால்தான் அந்த உடைமாற்றும் அறைக்குக் காதில் விழும். நாங்கள் கேட்டால் எதிரணிக்காரனின் பொறாமை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பாஸ்டனை. 2017-இல் ஹூஸ்டனில் பெஞ்ச் கோச்சாக (மேனேஜரின் துணையாக) இருந்து, அந்தத் திரை ஏற்பாட்டில் முக்கியப் பங்கு வகித்ததாக அறிக்கை சொல்லும் அலெக்ஸ் கோரா, அடுத்த ஆண்டே ரெட் சாக்ஸின் மேனேஜராகி வேர்ல்ட் சீரிஸ் வென்றார். ஜனவரியில் பதவி விலகினார். அந்த 2018 அணியின் மீதான விசாரணை இன்னும் முடியவில்லை. கோரா போய், பெட்ஸ் போய், பிரைஸும் போய், ரான் ரோனிக்கியை இடைக்கால மேனேஜராக வைத்துக்கொண்டு அவர்கள் ஃபோர்ட் மையர்ஸில் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த அறிக்கை வரும் நாளில் தண்டனைப் பட்டியலுக்கு முன் நான் தேடப்போவது வீரர்களின் பெயர்களைத்தான்.